'சின்ன' நட்டம்னு பேர் வச்சது யாரு?

இன்ஜினியரிங் பாடப் புத்தகங்களில் 'மைனர் லாஸ்' என்று ஒரு சமாச்சாரம் வருகிறது. நேரான குழாயில் தண்ணீர் ஓடும்போது சுவரில் உரசி இழக்கிற அழுத்தம் 'மேஜர் லாஸ்'. எல்போ, டீ, பெண்டு, வால்வு, ரெடியூசர் என்று வழியில் நிற்கிற ஃபிட்டிங்குகளில் இழக்கிற அழுத்தம் 'மைனர் லாஸ்'. தமிழில் 'சிறு இழப்புகள்' என்கிறார்கள்.

பி.காம். படிக்கிற எனக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பாடத்தில் 'இதர செலவுகள்' என்று ஒரு தலைப்பு உண்டு. எந்தக் கணக்கிலும் பூதம் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். 'சில்லறை', 'இதர', 'சிறு' என்று பெயர் வைத்துவிட்டால் யாரும் கூட்டிப் பார்க்க மாட்டார்கள். அதுதான் அந்தப் பெயரின் வேலையே.

"காமர்ஸ்காரனுக்கு பைப்புல என்னடா வேலை?" என்று கேட்கிற நண்பர்களுக்கு: நட்டக் கணக்கு எங்கே இருந்தாலும் அது நம்ம ஏரியா :-)

முதலில் அந்தச் சோதனைச் சாதனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிவில், மெக்கானிக்கல் படித்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதிலிருந்து மோட்டார் தண்ணீரை உறிஞ்சி, சட்டத்தில் பொருத்திய ஒரு குழாய்க்குள் தள்ளும். அந்தக் குழாயில் வரிசையாக ஒரு எல்போ, ஒரு பெண்டு, ஒரு கேட் வால்வு, திடீரென்று அகலமாகிற ஒரு இடம், திடீரென்று குறுகுகிற ஒரு இடம். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் சின்னத் துளை போட்டு, அதிலிருந்து டியூப் எடுத்து, பாதரசம் நிரப்பிய 'யு' வடிவக் கண்ணாடிக் குழாயில் இணைத்திருப்பார்கள். அதுதான் மேனோமீட்டர். இரண்டு பக்கப் பாதரச மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை 12.6 ஆல் பெருக்கினால், எவ்வளவு உயரத் தண்ணீருக்குச் சமமான அழுத்தம் குறைந்தது என்று தெரியும். (பாதரசம் தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். அதன் மேல் நிற்கிற தண்ணீருக்காக 1 கழித்தால் 12.6.)

கடைசியில் தண்ணீர் இன்னொரு தொட்டியில் விழும். அதில் 10 செ.மீ. நீர்மட்டம் ஏற எத்தனை வினாடி என்று ஸ்டாப் வாட்சில் பார்ப்பார்கள். அதிலிருந்து ஓட்டம், ஓட்டத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து 'கே' என்ற ஒரு எண். ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் ஒரு 'கே'. வேகத்தின் வர்க்கத்தை புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்து, 'கே'யால் பெருக்கினால் இழப்பு. அவ்வளவுதான் சூத்திரம்.

புத்தகங்களில் இருக்கிற 'கே' மதிப்புகளைப் பாருங்கள். சாதாரண எல்போ 0.9. நீண்ட வளைவுள்ள பெண்டு 0.6. தண்ணீர் பக்கவாட்டில் திரும்புகிற டீ 1.8. முழுக்கத் திறந்த கேட் வால்வு 0.19. முழுக்கத் திறந்த குளோப் வால்வு 10. கடைசி இரண்டையும் இன்னொரு தடவை படியுங்கள். இரண்டுமே வால்வு, இரண்டுமே முழுக்கத் திறந்திருக்கின்றன. ஆனால் ஒன்று மற்றதைப் போல 50 மடங்குக்கு மேல் அழுத்தத்தைத் தின்கிறது. காரணம் எளிது. கேட் வால்வில் தகடு மேலே ஏறிவிட்டால் வழி நேராகக் கிடக்கும். குளோப் வால்வுக்குள் தண்ணீர் மேலே ஏறி, திரும்பி, கீழே இறங்கிப் போக வேண்டும்.

இப்போது என் முதல் புகார். என் சொந்தக்காரப் பையன் ஒருவன் இன்ஜினியரிங் படிக்கிறான் (எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை). அவனுடைய ரெக்கார்டு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். எல்போவுக்கு ஆறு ரீடிங். ஆறிலும் 'கே' 0.88-லிருந்து 0.92-க்குள். அழகோ அழகு. "எப்படிடா இவ்வளவு கரெக்டா வந்துச்சு?" என்றேன். "அண்ணே, 0.9 வரணும்னு எல்லாருக்கும் தெரியும். அதுல இருந்து பின்னாடி போட்டு ரீடிங் எழுதிருவோம்" என்றான், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

இது ஏன் தப்பு என்பதற்கு நீதிபோதனை வேண்டாம், கணக்கே போதும். குழாய் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சேகரிக்கும் தொட்டி 50 செ.மீ.க்கு 50 செ.மீ. 10 செ.மீ. ஏற 25 வினாடி என்றால், வினாடிக்கு 1 லிட்டர். குழாய்க்குள் வேகம் வினாடிக்கு சுமார் 2 மீட்டர். எல்போவில் இழப்பு சுமார் 19 செ.மீ. உயரத் தண்ணீர். பாதரசத்தில் அது வெறும் 15 மி.மீ.

கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் இருக்கிற ஸ்கேலில், ஆடிக்கொண்டே இருக்கும் பாதரச மட்டத்தை 1 மி.மீ. துல்லியத்துக்கு மேல் படிக்க முடியாது. இரண்டு பக்கமும் சேர்த்தால் 2 மி.மீ. வரை பிசகலாம். 15-ல் 2 என்றால் 13 சதவீதம். சரி, போகட்டும். அடுத்த ரீடிங்குக்கு வால்வை மூடி ஓட்டத்தைப் பாதியாக்குவார்கள். இழப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, அதனால் நாலில் ஒரு பங்காகிவிடும். பாதரசத்தில் 4 மி.மீ.கூட இல்லை. அதில் 2 மி.மீ. பிசகு என்றால் விடையில் பாதி சந்தேகம்! அந்த ரீடிங்கில் 'கே' 0.5 என்று வந்தாலும் ஆச்சரியமில்லை, 1.3 என்று வந்தாலும் ஆச்சரியமில்லை. 0.9 என்று வந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும்.

ஆடிட்டிங் பாடத்தில் எங்களுக்குச் சொல்லித் தருவது இதுதான். ரொம்பச் சுத்தமாக இருக்கிற கணக்கைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். நிஜ வியாபாரத்தில் எண்கள் கொஞ்சம் கோணல்மாணலாகத்தான் வரும். ரெக்கார்டு நோட்டும் ஒரு கணக்குப் புத்தகம்தானே? சிதறி விழுகிற ரீடிங்குக்கு மார்க் குறைத்து, ஜோடித்த ரீடிங்குக்கு முழு மார்க் கொடுத்தால், நாம் பொறியாளரை உருவாக்கவில்லை. பொய்க் கணக்கு எழுதத் தெரிந்த ஆளை உருவாக்குகிறோம். நாளைக்கு அவன்தான் பாலத்துக்கும் தண்ணீர்த் திட்டத்துக்கும் அளவுப் புத்தகம் எழுதப் போகிறான்.

இதற்குப் பரிகாரமும் ரொம்பச் சுலபம். எல்போ மாதிரி குறைந்த இழப்புகளுக்குப் பாதரசமே தேவையில்லை. 'யு' குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, மேலே காற்றை அடைத்து, தண்ணீர் மட்டங்களையே நேரடியாகப் படிக்கலாம். அப்போது 15 மி.மீ.க்குப் பதில் 19 செ.மீ. தெரியும். அதே 2 மி.மீ. பிசகு இப்போது 1 சதவீதம்தான். கூடுதல் லாபம், பாதரசம் சிந்துகிற ஆபத்து இல்லை. பாதரசத்தைக் குறைப்பதற்கான மினமாட்டா ஒப்பந்தம் 2013-ல் உருவாகி, 2018-ல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டது. அந்த ஒப்பந்தம் தயாரிப்பை நிறுத்தச் சொல்கிற பொருட்கள் பட்டியலில் பாதரச மேனோமீட்டரும் இருக்கிறது.

எனக்கு அந்தச் சாதனத்தில் ரொம்பப் பிடித்தது, குழாய் திடீரென்று அகலமாகிற இடம். அங்கே ஒரு வேடிக்கை நடக்கும். 25 மி.மீ. குழாய் 50 மி.மீ. ஆனதும் வேகம் நாலில் ஒரு பங்காகக் குறையும். வேகம் குறைந்ததால் அழுத்தம் ஏறும். மேலே சொன்ன அதே ஓட்டத்தில் அழுத்தம் சுமார் 8 செ.மீ. தண்ணீர் அளவுக்கு உயரும். மேனோமீட்டர் தலைகீழாகக் காட்டுகிறதே என்று பசங்க குழம்புவார்கள். ஆனால் அதே இடத்தில் சுமார் 12 செ.மீ. அளவுக்குச் சக்தி சுழலாகிச் சூடாகி வீணாகிறது. இந்த இழப்புக்கான கணக்கை போர்டா என்ற பிரெஞ்சுக்காரர் 1766-லேயே போட்டுவிட்டார்.

காமர்ஸ்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ஒரே வரி போதும். சொத்தை நட்டத்துக்கு விற்றால் பேங்க் இருப்பு ஏறும், ஆனாலும் அது நட்டம்தான். அழுத்தம் என்பது கையிருப்பு ரொக்கம். வேகம் இன்னொரு சொத்து. இரண்டையும் கூட்டிப் பார்க்காமல் லாப நட்டம் சொல்ல முடியாது. பாஸ்புக்கை மட்டும் பார்த்து வியாபாரம் நன்றாகப் போகிறது என்று நினைக்கிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை இந்தச் சாதனத்தைப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது அந்த 'சின்ன' என்ற பெயருக்கு வருவோம். பல கிலோமீட்டர் நீளக் குழாயில், உதாரணமாக திருச்சி பக்கம் காவிரியிலிருந்து ராமநாதபுரம் வரைக்கும் போகிற கூட்டுக்குடிநீர்க் குழாயில், எல்போவும் பெண்டும் நிஜமாகவே சின்ன விஷயம்தான். நீளம்தான் அங்கே எல்லாவற்றையும் தின்கிறது. ஆனால் நம் வீட்டில்? மேல் தொட்டியிலிருந்து குளியலறை வரைக்கும் 15 மி.மீ. குழாய் 8 மீட்டர் என்று வைப்போம். உராய்வுக் குணகம் 0.03 என்று எடுத்தால், நேர்க்குழாயின் மொத்த 'கே' 16. வழியில் ஆறு எல்போ (5.4), இரண்டு டீ (3.6), ஒரு குளோப் மாதிரியான வால்வு (10), தொட்டியிலிருந்து குழாய்க்குள் நுழைகிற இடம் (0.5). கூட்டினால் 19.5. 'சின்ன' இழப்பு 'பெரிய' இழப்பைத் தாண்டிவிட்டது! ஷவரில் தண்ணீர் சொட்டுவதற்கு தொட்டியின் உயரத்தை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை.

வீட்டைவிடப் பெரிய நட்டம் தோட்டத்தில் இருக்கிறது. எங்கள் சிங்கம்புணரிப் பக்கம் தென்னையும் கிணறும் சேர்ந்தே இருக்கும். ஊரில் ஓடுகிற கயிறு தொழிலுக்கும் அந்தத் தென்னைதான் ஆதாரம். தென்னைக்கு ஆதாரம் கிணற்று மோட்டார். அந்த மோட்டாரின் உறிஞ்சு குழாயின் அடியில், தண்ணீருக்குள் மூழ்கி, யார் கண்ணிலும் படாமல் ஒரு ஃபிட்டிங் இருக்கிறது. ஃபுட் வால்வு. மோட்டாரை நிறுத்தினால் குழாயில் நிற்கிற தண்ணீர் கிணற்றுக்குள் இறங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை.

இந்த ஃபுட் வால்வுக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் தனியாக ஒரு விதி உண்டு. ஐ.எஸ். 10805. விவசாயப் பம்புகளுக்கான ஃபுட் வால்வின் 'கே' 0.8-க்கு மேல் போகக் கூடாது என்பது அதன் சாரம். அதாவது கல்லூரி ஆய்வகத்தில் பசங்க ஜோடித்து எழுதுகிற அதே 'கே' இங்கே ஒரு தரக் கட்டுப்பாட்டு எண்! 1980-களிலேயே குஜராத்தில் எஸ்.எம். பட்டேல் என்ற ஆய்வாளர், பம்பை மாற்றாமல் ஃபுட் வால்வையும் குழாயையும் மாற்றினாலே நல்ல அளவு மின்சாரம் மிச்சமாகும் என்று வயல்களிலேயே செய்து காட்டினார். பிறகு 1990-களில் புனேயின் பிரயாஸ் அமைப்பைச் சேர்ந்த கிரிஷ் சந்தும் சாந்தனு தீட்சித்தும் இதே விஷயத்தைத் தர விதிகளோடு சேர்த்து ஆராய்ந்து எழுதினார்கள். புது விஷயமே இல்லை.

நானும் ஒரு மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் என் அனுமானம்தான், ஆனால் நடைமுறைக்கு ஒவ்வாதவை அல்ல. வினாடிக்கு 8 லிட்டர் இறைக்கிற மோட்டார், இரண்டரை அங்குலக் குழாய் (65 மி.மீ.), 'கே' 5 உள்ள ஒரு மட்டமான ஃபுட் வால்வு, நாலு சாதாரண எல்போ, கடைசியில் தண்ணீர் வெளியே பாய்கிற இழப்பு 1. மொத்த 'கே' 9.6. இழப்பு சுமார் 2.8 மீட்டர். அதையே மூன்று அங்குலக் குழாய் (80 மி.மீ.), 0.8 ஃபுட் வால்வு, நாலு நீண்ட பெண்டு என்று மாற்றினால் மொத்த 'கே' 4.2. வேகமும் குறைந்துவிட்டதால் இழப்பு சுமார் அரை மீட்டர்தான். மிச்சம் 2.3 மீட்டர்.

மோட்டாரும் பம்பும் சேர்ந்து 40 சதவீதத் திறன் என்றால், இந்த 2.3 மீட்டருக்கு சுமார் 450 வாட் மின்சாரம் வேண்டும். வருஷத்துக்கு 1,200 மணி நேரம் ஓடினால் 540 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் 3,240 ரூபாய். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. பத்தில் ஒன்று, 2 லட்சம் கிணறு இந்த நிலையில் இருந்தாலே வருஷத்துக்கு 10.8 கோடி யூனிட். சுமார் 65 கோடி ரூபாய். நேர்க்குழாயின் உராய்வில் மிச்சமாவதை இன்னும் சேர்க்கவேயில்லை. இதற்குத்தான் 'மைனர்' என்று பெயர்!

பிறகு ஏன் யாரும் மாற்றவில்லை? இங்கேதான் காமர்ஸ் வருகிறது. 1990-லிருந்து தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். அதை நான் குறை சொல்லவில்லை, தென்னைக்காரர்களின் கஷ்டம் தெரிந்த ஊர் எங்களுடையது. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? நல்ல ஃபுட் வால்வுக்கும் மூன்று அங்குலக் குழாய்க்கும் காசு கொடுப்பவர் விவசாயி. மிச்சமாகிற மின்சாரம் மின்வாரியத்துக்கு. செலவு ஒருவர் பாக்கெட்டில், லாபம் இன்னொருவர் பாக்கெட்டில். பைப் மாட்டுகிற அண்ணனிடம் "எல்போவுக்குப் பதிலா லாங் பெண்டு போடலாமாண்ணே?" என்று கேட்டால், "தம்பி, தண்ணி வருதா வரலையா?" என்றுதான் கேட்பார். அவர் கேள்வியில் தப்பே இல்லை. அவருக்கு யாரும் இந்தச் சாதனத்தைக் காட்டியதில்லை. காட்டப்பட்டவர்களோ பைப் மாட்டப் போவதில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. தடையைக் குறைத்தால் மோட்டார் தானாகவே குறைந்த வாட்டில் ஓடாது. அதே நேரத்தில் அதிகத் தண்ணீரைத் தள்ளும். சீக்கிரம் நிறுத்தினால்தான் மின்சாரம் மிச்சம். நிறுத்தாமல் ஓடவிட்டால் நிலத்தடி நீர்தான் வேகமாகக் காலியாகும். உண்மைதான். ஆழ்துளைக் கிணற்றுக்கு இது பெரிய ஆபத்து. ஆனால் எங்கள் பக்கத்துப் பாறைக் கிணறுகளில் ஒரு நாளைக்கு ஊறுகிற தண்ணீருக்கு ஒரு அளவு இருக்கிறது. நாலு மணி நேரத்தில் வற்றுகிற கிணறு மூன்றரை மணி நேரத்தில் வற்றும், அவ்வளவுதான். அங்கே மிச்சமாவது மின்சாரமும் மோட்டாரின் ஆயுசும். சோலார் பம்பு வைத்தவர்களுக்குக் கதையே வேறு. 2019-ல் வந்த பி.எம். குசும் திட்டத்துக்குப் பிறகு அது பரவிக்கொண்டிருக்கிறது. பேனல் கொடுக்கிற வாட் அவ்வளவுதான், கூடுதலாகக் கேட்க முடியாது. அங்கே எல்போவில் போகிற ஒவ்வொரு சாணும் விவசாயியின் சொந்த நட்டம்.

அதனால் என் யோசனை இது. எங்கள் மாவட்டத்தில் இன்ஜினியரிங் கல்விக்குப் பஞ்சமில்லை. காரைக்குடியில் அழகப்ப செட்டியார் பொறியியல் கல்லூரி 1952-லேயே தொடங்கியது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. எல்லாம் உண்டு. இப்படிச் சாதனம் இருக்கிற ஆய்வகங்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமை கதவைத் திறந்து வைக்கட்டும். விவசாயிகளும், பைப் மாட்டுகிறவர்களும், ஹார்டுவேர் கடைக்காரர்களும் தங்கள் ஃபுட் வால்வையும் எல்போவையும் கொண்டுவரட்டும். கிணற்றுக் குழாய்க்கு ஏற்ற அளவில் ஒரு லைன் கூடுதலாகப் போட வேண்டியிருக்கும், பெரிய செலவில்லை. மாணவர்கள் சோதித்து, வந்த 'கே'யை, பிசகு எவ்வளவு இருக்கலாம் என்பதோடு சேர்த்து, அந்த ஃபிட்டிங்கிலேயே பெயின்ட்டால் எழுதிக் கொடுக்கட்டும்.

இதில் விடை முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. அதனால் பின்னாலிருந்து ஜோடிக்கவே முடியாது. கடையில் வாங்கிய வால்வின் 'கே' 0.7-ஆ 6-ஆ என்று அளந்தால்தான் தெரியும். தப்பாக அளந்தால் அதை நம்பி ஒருவர் காசு செலவழிப்பார் என்ற பயம் இருக்கும். அந்தப் பயம்தான் நல்ல ரீடிங் எடுக்க வைக்கும், வைவா அல்ல. பக்கத்தில் ஒரு பெஞ்சு போட்டு பி.காம். பசங்களையும் உட்கார வையுங்கள். 'இந்த வால்வை மாற்றினால் எத்தனை மாதத்தில் போட்ட காசு திரும்பும், யாருக்குத் திரும்பும்' என்று நாங்கள் கணக்குப் போட்டுத் தருகிறோம். மின்வாரியத்துக்குத்தான் லாபம் என்றால், வால்வுக்கான மானியத்தையும் மின்வாரியம்தான் தர வேண்டும் என்று அந்தக் காகிதமே சொல்லிவிடும்.

ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டார் ஒட்டுகிறோம். விவசாய மோட்டாருக்கும் ஸ்டார் இருக்கிறது. அஞ்சு ஸ்டார் மோட்டாரை வாங்கி, அதன் வாயில் 'கே' என்னவென்றே தெரியாத ஒரு ஃபுட் வால்வை மாட்டிக் கிணற்றுக்குள் இறக்குகிறோம். உங்கள் வீட்டிலோ தோட்டத்திலோ மோட்டார் இருந்தால், அடுத்த முறை பைப் மாட்ட ஆள் வரும்போது எத்தனை எல்போ போடுகிறார் என்று மட்டும் எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை 0.9-ஆல் பெருக்குங்கள். அதற்குப் பிறகும் அது சின்ன நட்டம்தானா என்று நீங்களே சொல்லுங்கள்.